கப்பல் ஏறும் வெங்காயம்



எதிரணித் தலைவர் சொன்னார், "நம்ம வெங்காயத்தைக் கப்பல்ல ஏத்துறதாலதான் விலை ஏறுது" என்று. (கைதட்டல்) நானும் தட்டினேன். மாதச் சம்பளக்காரன் நான். வெங்காயம் இறங்கினால்தான் என் வீட்டில் சாம்பார் மணக்கும். (சிரிப்பு)

பிளஸ் டூ படிக்கிற என் மகள் கேட்டாள்: "அப்பா, தேவை, அளிப்புன்னு ரெண்டு கோடு போட்டிருக்கு. இதுல வெளிநாடு எங்க வருது?"

நான் தமிழ் வாத்தியார். கோடு வராது, கதை வரும். "அம்மா, சந்தைக்கு 100 மூட்டை வருதுன்னு வை. உள்ளூர்க்காரன் மட்டும் வாங்கினா ஒரு விலை. துபாய்க்காரனும் கொழும்புக்காரனும் வந்து 30 மூட்டையைக் கொண்டு போனா, நமக்கு 70தான். விலை ஏறும். விதைச்சவன் சிரிப்பான், வாங்குறவன் அழுவான். இறக்குமதி இதுக்குத் தலைகீழ். பாமாயில் வந்தா அடுப்படி சிரிக்கும், கடலை போட்டவன் அழுவான்."

அவள் விடவில்லை. "அப்ப, கதவைச் சாத்திட்டா?"

சாத்தினார்களே! 2023 ஆகஸ்டில் வெங்காய ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. டிசம்பர் 8 முதல் முழுத் தடை. நாசிக் பக்கம் லாசல்கான் சந்தையில் விலை சரிந்தது. விவசாயி சாலைக்கு வந்தான். தடை நீங்க 2024 மே ஆயிற்று. வரி முழுசாகப் போக 2025 ஏப்ரல்!

அதே 2023 தொடக்கத்தில், அதே நாசிக்கில், வெங்காயம் அடிமாட்டு விலைக்குப் போனது. அப்போது எந்தக் கதவை யார் திறந்தார்கள் ஐயா? விலை விழுந்தால் அவன் தலையெழுத்து. ஏறினால் மட்டும் நாட்டுப் பிரச்சினையா? (கைதட்டல்)

ஏழைக்கு விலை தாங்கவில்லையா? அரசு அறுவடையில் வாங்கிச் சேமிக்கட்டும், தட்டுப்பாட்டில் மலிவாகக் கொடுக்கட்டும். அது நடக்கவும் செய்கிறது. இன்னும் பெரிதாக நடக்கட்டும். அந்தச் செலவு நாட்டுக்குப் பொது. கதவைச் சாத்தினால் முழுச் செலவும் விதைத்தவன் தலையில்! நொந்தவன் அடுத்த பட்டத்தில் விதைக்க மாட்டான். அளிப்பு குறையும், விலை மறுபடி நம் வீட்டுக்கே வரும்.

பட்டினப்பாலையில் படிக்கிறோம்: புகார்த் துறைமுகத்தில் வந்த சரக்குக்கும் புலி முத்திரை, போகிற சரக்குக்கும் புலி முத்திரை. முத்திரை குத்தினான், வாசலைப் பூட்டவில்லை!

மகளிடம் கடைசியாகச் சொன்னேன்: "அம்மா, பரீட்சையில கோடு போடு. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மனுஷன் நிக்கிறான்னு நெனச்சுப் போடு."

(பலத்த கைதட்டல்)