இரண்டு பிள்ளைகள், ஒரு தகப்பன்

சுரண்டைப் பக்கத்துத் தேவாலயங்களில் சொல்லப்படும் கர்த்தருடைய ஜெபம், கடவுளைப் 'பிதாவே' என்று அழைத்துத்தான் தொடங்குகிறது. இயேசு தம் சீடர்களுக்குக் கற்றுத்தந்த ஜெபம் அது.

கண்ணில் படாத அந்தப் பிதாவின் அன்பைப் பிள்ளைகள் எப்படி அறிவார்கள்? பெரும்பாலும் மனிதர்கள் வழியாகத்தான். அப்படி இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனாக இருந்தார் ஒருவர்.

திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயகத்தைச் சிறுவயதிலேயே தஞ்சாவூருக்கு அழைத்துப்போய் வளர்த்தார் ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ். கல்யாணமே செய்துகொள்ளாதவர் அவர். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளால் புகழ்பெற்ற வேதநாயக சாஸ்திரியார்.

மராட்டிய இளவரசர் சரபோஜிக்கும் ஸ்வார்ட்ஸே பாதுகாவலர். சரபோஜி மதம் மாறவில்லை. ஸ்வார்ட்ஸ் மீது வைத்த பாசமும் மாறவில்லை. 1798-இல் ஸ்வார்ட்ஸ் மறைந்தபின், அவர் கல்லறைக்குச் சரபோஜியே ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். அதில் ஸ்வார்ட்ஸைத் தம் தந்தை என்றே குறிப்பிடுகிறார்.

தஞ்சை செல்பவர்கள் அந்தக் கல்லறைக் கவிதையைத் தேடிப் படியுங்கள்.