ஆயிரம் குழாய் நாள்கள்



ஜுருவில் கூடியுள்ள நம்மில் சிலர், செபராங் ஜெயாவிலோ பினாங்கிலோ தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் உறவினருக்காகக் காத்திருந்திருப்போம். உள்ளே, நோயாளியின் கழுத்து வழியாக இதயத்தை அடுத்த பெருநாளம் வரை ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தியிருப்பர். மைய நாளக் குழாய் என்று அதனைச் சொல்லலாம். செவிலியர் வழக்கில் 'சென்ட்ரல் லைன்'. கையிலுள்ள சிறு நாளங்கள் தாங்காத வீரிய மருந்துகள் அதன் வழியே செல்கின்றன. தோலிலுள்ள நுண்ணுயிரிகளும் அவ்வழியே குருதியிற் புகக்கூடும். புகுந்தால் உயிருக்கே இடர்.

இத்தொற்றை எவ்வாறு எண்ணுவது? நோயாளிகளின் தலையை எண்ணிப் பயனில்லை. இரண்டு நாள் குழாய் தாங்கியவரும் இருபது நாள் தாங்கியவரும் ஒரே அளவு இடருக்கு ஆட்பட்டவரல்லர். ஆகவே நாள்களை எண்ணினர். ஐம்பது பேர் இருபது நாள் வீதம் தாங்கினால் ஆயிரம் குழாய் நாள்கள். இந்தியாவின் 7 நகரங்களில் 12 பிரிவுகளை ஆராய்ந்து 2007இல் வெளியான ஆய்வு, ஆயிரம் குழாய் நாள்களுக்கு 7.92 தொற்று என்றது.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் தொடக்கத்தில் சராசரி 7.7தான். பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் அங்கே புதுமருந்து எதையும் கொண்டு செல்லவில்லை. கை கழுவுதல், முழு மறைப்பு அணிதல், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், இயன்றவரை தொடை நாளத்தைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை அகற்றுதல். இவ்வைந்தே. அவசரமில்லாத வேளையில் மருத்துவர் ஒன்றைத் தவறவிட்டால், செவிலியர் தடுக்கலாம் என்றும் வகுத்தனர். இந்த அதிகாரமே ஐந்தையும் தாங்கிப் பிடித்தது என்பது என் கருத்து. பதினெட்டு மாதங்களில் சராசரி 1.4 ஆயிற்று, 2006இல் முடிவு வெளியாயிற்று.

அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 2001இல் ஏறத்தாழ 43,000 ஆக இருந்த இத்தொற்று, 2009இல் 18,000 ஆகக் குறைந்தது. பின்னர்க் கோவிட் வந்தது. 2020இன் இறுதிக் காலாண்டில் அந்நாட்டு மருத்துவமனைகளில் இத்தொற்று முந்தைய ஆண்டைவிட 47 விழுக்காடு உயர்ந்தது. கிருமி மாறவில்லை; நோயாளர் பெருகினர், செவிலியர் போதவில்லை.

நம் நாட்டிலும் 2002இல் தொடங்கிய தேசியத் தணிக்கை, மலேசியத் தீவிர சிகிச்சைப் பதிவேடாக வளர்ந்து இத்தொற்றையும் எண்ணி வருகிறது. ஐந்தில் கடினமானது கடைசிதான். கை கழுவுவது பழக்கத்தால் வரும். குழாயை அகற்றவோ ஒருவர் துணிந்து முடிவெடுக்க வேண்டும். 'இன்றும் இது தேவையா?' என்று நாள்தோறும் கேட்பது மருத்துவக் குழுவின் கடமை. வாசலில் காத்திருக்கும் உறவினரும் பணிவுடன் அதனைக் கேட்கலாம்.