வெள்ளிக்கிழமை மாலையின் பிள்ளைகள்



இசையைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்தில் பிறக்கும் குழந்தைக்குப் பாட்டு என்பது கற்கும் கலையாக வருமுன்பே சுவாசிக்கும் காற்றாக வந்துவிடுகிறது. எழுத்து அறிமுகமாகுமுன் இராகம் அறிமுகமாகிறது. இதனை உலகம் வரம் என்று கூறும். அந்த வரத்தினுள் எத்தனை உழைப்பும் எத்தனை வலியும் பொதிந்திருந்தன என்பதற்கு வீணை தனம்மாளின் வீட்டினும் சிறந்த சான்று காண்பது அரிது.

தனம்மாள் 1867இல் பிறந்தார். அவருடைய பாட்டி காமாட்சி தஞ்சை அரசவையைச் சார்ந்த ஆடற்கலைஞர். தாய் சுந்தரம்மாள், சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் பயின்ற பாடகி. பார்வையற்ற வாலாஜாபேட்டை பாலகிருஷ்ணதாசரிடமிருந்து க்ஷேத்ரக்ஞரின் பதங்கள் தனம்மாளை வந்தடைந்தன. பிற்காலத்தில் தனம்மாளும் பார்வையை இழந்தார். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை ஒலிக்கும். ஒலிபெருக்கி இல்லை, ஆரவாரம் இல்லை. விரலுக்கு மீட்டுக் கம்பியும் அணியாமல் எழுப்பிய அந்த மெல்லிய நாதத்தைக் கேட்க, பெரும் வித்துவான்களும் மூச்சடக்கி அமர்ந்திருந்தனர்.

அந்த வீட்டின் பிள்ளைகள் முதலில் கற்றது பாட்டன்று, மௌனம். ஒரு சுரத்திற்கும் அடுத்த சுரத்திற்கும் இடையில் நிகழ்வதைக் கேட்கக் காது பழகிய பின்னரே குரலுக்கு வேலை வந்தது. பதம் விளம்பகாலத்தில் நடப்பது. சொல் நீளும், பொருள் சுரத்தின் வளைவுகளில் மெல்ல மெல்ல அவிழும். அவசரக்காரருக்கு அங்கே இடமில்லை.

ஆயினும், தங்கள் வீட்டுக் கல்வியே போதும் என்று அக்குடும்பம் செருக்குக் கொள்ளவில்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. பேத்தி பிருந்தா காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையிடம் அனுப்பப்பட்டார். மற்றொரு பேத்தி பாலசரஸ்வதி தஞ்சை நால்வர் மரபில் வந்த கந்தப்பப் பிள்ளையின் கடுமையான பயிற்சிக்கு ஆளாகி, 1925இல் ஏழு வயதில் காஞ்சிபுரத்துக் கோயிலொன்றில் அரங்கேறினார். அவருடைய தம்பியருள் ரங்கநாதன் பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் மிருதங்கமும், விசுவநாதன் திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம் புல்லாங்குழலும் பயின்றனர். வீடு செவியைத் தந்தது. வெளியிலிருந்த ஆசான்கள் கட்டுப்பாட்டைத் தந்தனர். மரபென்பது மதில் எழுப்பிக் காக்கும் கோட்டையன்று, வாயில் திறந்த வீடு என்பதை அப்பெண்கள் அறிந்திருந்தனர்.

அக்குழந்தைகளின் பெயர்களுக்கு முன்னே நின்ற எழுத்து தந்தையின் பெயரைக் குறிக்கவில்லை, தஞ்சாவூரைக் குறித்தது. தாய்வழியே வந்த அந்த அடையாளத்தை அன்றைய சமுதாயம் மதிப்போடு நோக்கவில்லை. பாலசரஸ்வதி ஆட விரும்பியபோது குடும்பத்தினுள்ளேயே தயக்கம் எழுந்ததற்குக் காரணம் இந்தப் பழிச்சொல்லே. தாய் ஜயம்மாள் உறுதியோடு நின்றார். மகள் ஆட, அவரே பாடினார்.

கோயில்களுக்குப் பெண்களை அர்ப்பணிப்பதைத் தடுக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1947இல் வந்தது. அதற்காகப் போராடிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும் இசை வேளாளர் மரபுத் தாய் ஒருவரின் மகளே. பெண்ணை இழிவினின்று மீட்க எழுந்த குரல் அது. அதன் நியாயத்தை மறுப்பதற்கில்லை. ஆனால், கலையை ஏந்திக்கொண்ட கைகள் பல, அதனைத் தலைமுறை தலைமுறையாய்ப் பேணிய தாய்மாரைத் தீண்டத் தயங்கின. பாட்டு மேடையேறியது, பாட்டிமார் மறக்கப்பட்டனர். அக்குடும்பப் பிள்ளைகள் தூக்கிச் சுமந்த பாரம் இதுவே.

தனம்மாள் 1938இல் மறைந்தார். பெயர்த்திகளான பிருந்தாவும் முக்தாவும் சேர்ந்து பாடிய பதங்களில் அந்த வெள்ளிக்கிழமை மாலைகள் நீடித்தன. சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1973இல் பாலசரஸ்வதிக்கும், 1976இல் பிருந்தாவுக்கும், 1988இல் விசுவநாதனுக்கும் வந்தது. ரங்கநாதனும் விசுவநாதனும் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தனர். ஜார்ஜ் டவுன் வீட்டின் செவிப்பயிற்சி கடல் கடந்து, அந்தக் குடும்பத்தில் பிறவாத மாணவரையும் சென்று சேர்ந்தது.

கவிஞர்கள் கூடியிருக்கும் இந்த அவைக்கு அவ்வீடு சொல்லும் செய்தி ஒன்றுண்டு. குருதிவழி வருவது வாய்ப்பு மட்டுமே. கலை கேட்டலின்வழியே வருகிறது. சொல்லை விரைந்து செலவிடும் காலத்தில், ஒரு சொல்லைத் தாங்கி நிறுத்திக் கேட்கும் பொறுமையை அக்குழந்தைகள் பெற்றிருந்தனர். பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை கேட்டுவரும் இவ்வட்டமும் அத்தகைய ஒரு வீடே. இங்கு வந்தமரும் இளங்கவிஞர் முதலில் கேட்கப் பழகட்டும். தமக்கு முன் பாடிய தாய்மாரின் பெயர்களை மறவாதிருக்கட்டும்.