குளிரூட்டியிற் குடிபுகும் பூஞ்சணம்

(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இம்மேடையிற் சமயமும் இலக்கியமும் பேசப்படுவதே வழக்கம். இன்று நாமோ சுவரிலே மாட்டியிருக்கும் ஒரு பெட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். பல்கலைக்கழகத்துக்குப் போன பிள்ளைகளுக்குப் பேச வேறு பொருள் அகப்படவில்லையா என்று பெரியோர் சிலர் எண்ணுதல் கூடும். ஆனால் அந்தப் பெட்டி எங்கே இருக்கின்றது என்பதைச் சற்றே நோக்குங்கள். கொழும்பிலே அது பிள்ளைகள் படிக்கும் அறையில் இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலே பெரும்பாலும் ஆச்சியோ அப்புவோ படுக்கும் அறையில் இருக்கின்றது. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ மகன் காசு அனுப்பிப் பூட்டுவித்தது. முதியோர் வெக்கையில் வாடக்கூடாதென்னும் அன்பினாற் செய்த காரியம் அது. அவ்வன்புக்குள்ளே பூஞ்சணம் புகுந்து அவர்களுடைய மூச்சைக் கெடுக்குமாயின் அதைப் பற்றிப் பேசுதல் தகும் என்றே கருதுகின்றோம்.

இந்தப் பொறியின் பிறப்பு வரலாற்றில் ஒரு வேடிக்கை உண்டு. 1902ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில் கடதாசி ஈரத்தால் விரிந்தும் சுருங்கியும் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது போயின. அந்த ஈரத்தை அடக்குதற்கு வில்லிஸ் கரியர் என்னும் இளம் பொறியியலாளர் வகுத்த திட்டமே இன்றைய குளிரூட்டிக்கு மூலம். மனிதருக்குக் குளிர்ச்சி தருதல் அன்று முதல் நோக்கமன்று. வளியிலுள்ள ஈரத்தை அகற்றுதலே நோக்கம். ஈரத்தைப் போக்கப் பிறந்த பொறியே இன்று வீட்டில் ஈரம் தேங்கும் இடமாகிவிடுகின்றது.

இது எங்ஙனம் நிகழ்கின்றது? 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள ஒரு கனமீற்றர் வளி ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. அதே வளி 10 பாகைக்குக் குளிர்ந்தால் 9 கிராமுக்குச் சற்று மேலே தாங்கும். எஞ்சியது நீராக வெளிப்படல் வேண்டும். செம்பிலே குளிர்ந்த தண்ணீரை வைத்தால் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் அரும்புகிறதல்லவா? அதுவேதான் பெட்டிக்குள்ளும் நடக்கின்றது. உள்ளே மெல்லிய அலுமினியத் தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுள்ளன. அவை குளிர்ந்திருக்கும். அறையின் வளி அவற்றினூடே செல்லும்போது ஈரம் நீராகி, கீழேயுள்ள தட்டில் வடிந்து, குழாய் வழியே வெளியேறும். 12,000 பீ.ரீ.யூ. அளவான, ஒரு தொன் என்று கடைக்காரர் சொல்லும் பொறி, ஈரம் மிகுந்த நாளில் மணிக்கு ஒரு இலீற்றர் அளவுக்கும் நீரைப் பிரிக்கும். (இந்தத் தொன் பொறியின் நிறையன்று. ஒரு தொன் பனிக்கட்டியை ஒரு நாளில் உருக்குவதற்கு வேண்டிய வெப்பத்தின் அளவு அது. பெட்டி ஒரு தொன் நிறையென்று நம்பிச் சுவரைப் பார்த்துக் கவலைப்பட்ட பெரியவரும் எம்மூரில் உண்டு.)

பூஞ்சணம் வளர்தற்கு வேண்டியவை மிகச் சில. வித்தி வேண்டும்; அது வளியிலே எங்கும் மிதக்கின்றது. உணவு வேண்டும், தகட்டிலும் விசிறியிலும் படிந்த தூசியும், எமது தோலிலிருந்து உதிரும் செதிலும், துணியின் நாரும் அதற்குப் போதும். ஈரம் வேண்டும், அதைப் பொறியே கொடுக்கின்றது. நனைந்த பொருள் இரண்டு நாள் உலராது கிடந்தாலே போதும், வித்தி முளைகொள்ளத் தொடங்கும். முன்னே உள்ள வலை தூசியைத் தடுப்பதற்கே அமைந்தது. நுண்ணிய வித்திகள் அதனூடே தாராளமாய்ச் செல்லும்.

பூஞ்சணம் முழுதும் தீயதென்று நாம் சொல்ல வரவில்லை. 1928இல் இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங்கின் ஆய்வுத்தட்டிலே தற்செயலாய் வந்து வளர்ந்த பெனிசிலியம் எத்தனை உயிர்களைக் காத்தது என்பதை உலகறியும். அந்த இனத்தைச் சேர்ந்தவையும், அசுப்பர்கிலசு, கிளடொசுப்போரியம் என்பனவுமே எமது வீடுகளிலும் பெரிதும் காணப்படுவன. தட்டிலே வளர்ந்தால் ஆய்வு; மூச்சு வளியிலே கலந்தால் நோய்.

சென்ற மாரி விடுமுறையில் உறவினராகிய ஒரு பெரியம்மா வீட்டில் நாம் கண்டதை இங்கே சொல்லல் பொருந்தும். “தம்பி, உந்தப் பெட்டியைப் போட்டா நனைஞ்ச சாக்கு மணக்குது, விடியச் சாமத்திலை இருமல் தொடங்கீடும்” என்றார். மணத்தைப் போக்க நாள்தோறும் அறையைப் பூட்டிச் சாம்பிராணி போட்டு வந்தார். மணம் மறைந்தது, இருமல் கூடியது. புகையும் தொய்வுக்காரருக்கு ஆகாதன்றோ? பெட்டியின் வாயிலே ரோச் லைற்றைப் பிடித்துப் பார்த்தோம். உருளை விசிறியின் இதழெங்கும் கரும்புள்ளிகள். அவர் பொறியை எப்படிப் பயன்படுத்தினார் என்று விசாரித்தபோதுதான் காரணம் துலங்கிற்று. மின்சாரக் கட்டணத்துக்கு அஞ்சி இரவில் அரைமணி நேரம் போடுவார். அறை குளிர்ந்ததும் நிறுத்திவிடுவார். யன்னலும் கதவும் இறுக்கப் பூட்டியபடி இருக்கும். தகடுகள் நன்றாக நனைந்த வேளையிலே பொறி நிற்கின்றது. அந்த ஈரம் விடியும்வரை இருட்டிலே கிடக்கின்றது. பூஞ்சணத்துக்கென்றே திட்டமிட்டாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்தல் இயலாது. எமது வீடுகளிற் பெரும்பாலானவற்றில் இதுவே வழக்கமென்பதை நாம் பின்னர் விசாரித்து அறிந்தோம்.

இதனால் வரும் தீங்கை மிகைப்படுத்தலும் தவறு, குறைத்தலும் தவறு. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூலிலே, ஈரமும் பூஞ்சணமும் உள்ள கட்டடங்களில் வாழ்வோருக்கு மூச்சுத்தொல்லையும் தொய்வும் மிகுதியாக ஏற்படுகின்றன என்று கூறப்பட்டுள்ளது. 1970இல் அமெரிக்காவில் ஓர் அலுவலகத்தின் குளிரூட்டியில் வளர்ந்த நுண்ணுயிர்களாற் பணியாளர் சிலருக்கு நுரையீரல் அழற்சி கண்டதை மருத்துவர்கள் எழுதியிருக்கின்றார்கள். அவை பூஞ்சணத்தை ஒத்த ஒருவகைப் பற்றீரியங்கள். உடல்நலமுள்ள இளைஞருக்குத் தும்மலோடு போய்விடலாம். தொய்வுக்காரர், கைக்குழந்தைகள், முதியோர், புற்றுநோய்க்கு மருந்தெடுப்போர் ஆகியோரின் நிலை வேறு. அவர்கள் படுக்கும் அறையிலன்றோ பெட்டியைப் பூட்டுகின்றோம்!

இன்னொன்று. 2021இல் இந்தியாவிலே கொரோனா நோயாளர் பலரைத் தாக்கிய ‘கறுப்புப் பூஞ்சை’ பற்றிப் படித்தவர்கள், பெட்டியிற் கரும்புள்ளியைக் கண்டதும் நடுங்குகின்றார்கள். அது நீரிழிவு கட்டுப்படாதோரையும் இசுத்தீரொயிட்டு மருந்து மிகுதியாகப் பெற்றோரையும் பெரிதும் தாக்கிய வேறு நோய். பெட்டியிலுள்ள கறை கருமையாயிருத்தலால் மட்டும் அதுவாகிவிடாது. நிறத்தைக் கொண்டு தீங்கை அளத்தல் இயலாது.

இனி, பரிகாரம். நாம் படித்தது மிசன் பாடசாலை ஒன்றில். ஆதலின் வேதாகம வகுப்பில் கேட்ட ஒன்று நினைவுக்கு வருகின்றது. பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் பதினான்காம் அதிகாரத்திலே, வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த கறை கண்டால் என்ன செய்வதென்று விதிக்கப்பட்டுள்ளது. முதலிற் பொருள்களை வெளியேற்றுதல். ஏழு நாள் வீட்டைப் பூட்டிவைத்துப் பார்த்தல். பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து ஊருக்குப் புறம்பே எறிந்து, சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசுதல். மீண்டும் வந்தால் வீட்டையே இடித்தல். எவர் எச்சமயத்தவராயினும் ஆகுக, இங்கே ஓர் அறிவு உண்டு: கறையை மறைக்கவும் இல்லை, மணம் பூசவும் இல்லை, பெயர்த்து அகற்றினார்கள். இக்கால அறிவும் அதையே சொல்கின்றது. பூஞ்சணத்தைக் கொன்றாலும் அதன் உடல் தகட்டிலே கிடந்தால் ஒவ்வாமை நீங்காது. கொல்லுதலிலும் கழுவி அகற்றுதலே முக்கியம்.

வீட்டார் செய்யத்தக்கது சிறிதே. முதலிற் சுவரிலுள்ள ஆளியை நிறுத்துக. றிமோற்றை மட்டும் அமர்த்தினாற் போதாது. முன்மூடியைத் தூக்கி வலையைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரிற் கழுவி, நிழலில் உலர்த்தி, நன்றாகக் காய்ந்த பின்னரே பூட்டுக. இரண்டு கிழமைக்கு ஒருமுறை செய்தல் நன்று. தகட்டிலோ விசிறியிலோ கறை காணப்படின் அது பாஸ் செய்யவேண்டிய வேலை. ஆனால் பாஸ் வந்து முன்புறத்தில் தண்ணீர் பீச்சிவிட்டுப் போவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள். உருளை விசிறியையும் நீர்த்தட்டையும் கழற்றிக் கழுவுவாரா என்று முன்னரே கேட்டுப் பேசிக்கொள்ளுங்கள். கழுவும் நேரத்தில் நோயாளர் அவ்வறையில் இருத்தல் ஆகாது.

குளோரீன் சேர்ந்த வெளிற்று நீரைத் தகட்டிலே தெளிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது அலுமினியத்தை அரிக்கும். அதன் ஆவியை விசிறி அறைக்குள்ளேயே தள்ளும். மலகூடம் கழுவும் அமிலத்தோடோ அமோனியாவோடோ அது கலந்தால் நச்சுவாயு பிறக்கும். வேண்டவே வேண்டாம்.

நீர் வடியும் குழாயையும் பாருங்கள். அது முழுநீளமும் கீழ்நோக்கிச் சரிந்திருத்தல் வேண்டும். ஈரமான நாளில் பொறி ஓடும்போது வெளியே சொட்டு விழவில்லையானால் நீர் உள்ளே தேங்குகின்றதென்று ஐயுறலாம். அந்நீரை வாளியிலே பிடித்துப் பூங்கன்றுக்கு விடும் சிக்கனம் எமக்கு மகிழ்ச்சியே. குழாயின் நுனி வாளித் தண்ணீருக்குள் அமிழாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் வாராதிருக்க வழி என்ன? நிறுத்துமுன் அரைமணி நேரம் விசிறியை மட்டும் ஓடவிடுதல். றிமோற்றிலே அதற்கென ஒரு பொத்தான் உண்டு. அப்பொழுது குளிர்விக்கும் பகுதி இயங்காது; ஆதலாற் செலவும் சொற்பமே. தகடுகள் உலர்ந்துவிடும். 18 பாகையில் வைத்து நடுங்குவதிலும் 25, 26 பாகையில் நீண்ட நேரம் ஓடவிடுதல் நன்று. சிறிய அறைக்குப் பெரிய பொறி வாங்குதலும் கேடே: அது விரைவிற் குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை எடுக்க அதற்கு நேரம் இராது. அறையில் ஈர உடுப்புக் காயப்போடுதல் கூடாது. ஈரப்பதன் காட்டும் சிறு கருவி ஒன்று வாங்கி வைத்து 60 சதவீதத்துக்கு மேற்போகாமற் பார்த்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து வருவோர் மூன்று கிழமை நின்றுவிட்டு வீட்டைப் பூட்டிப் போகின்றார்கள். அவர்கள் போகும் நாளிலே பெட்டியை உலர்த்தாமற் போனால் அடுத்த ஆடித் திருவிழாவுக்கு வரும்போது பூஞ்சணம் அவர்களை வரவேற்கும். பராமரிக்கும் அயலவருக்குத் திறப்போடு இந்த விவரத்தையும் கொடுத்துச் செல்வார்களாக.

எமது சங்க வாசிகசாலையிலும் ஒரு பெட்டி உண்டு. அது பூட்டிய நாளிலிருந்து திறக்கப்படவில்லையென்று காரியதரிசி சொல்கின்றார். அதன் கீழேயுள்ள அலுமாரியிற் பழைய நூல்கள் இருக்கின்றன. கடதாசியும் பூஞ்சணத்துக்கு நல்ல உணவே. வருகின்ற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதைத் திறக்கப் பாஸ் ஒருவரை ஒழுங்கு செய்திருக்கின்றோம். அலுமாரியை நகர்த்த நான்கு பேர் வேண்டும். பழந்துணியும் வாளியும் கொண்டு வாருங்கள்.