குளக்கரையில் ஒரு கணக்கு
(யூபிலி விழாக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலி என்றதும் கணக்குப் பார்க்கத் தோன்றுவது இயல்பு. எத்தனை ஞானஸ்நானம், எத்தனை திருமணம், எவ்வளவு செலவில் எந்தக் கட்டடம் என்று நமக்கு முன் பேசியவர்கள் விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நாம் வேறொரு கணக்கைப் பற்றிச் சில நிமிடங்கள் பேச விரும்புகிறோம். நமது குளங்களுக்கு வந்துபோகும் பறவைகளின் கணக்கு அது. சாமியாருக்கு ஏன் இந்த வேலை என்று பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. காசுக்கு இரண்டு குருவி விற்ற காலத்திலும் அவற்றுக்கு மேலே ஒரு கணக்கு இருந்தது என்று நற்செய்தியில் நாம் படித்ததில்லையா?

அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் நாளன்று ஆண்கள் இரு அணியாகப் பிரிந்து துப்பாக்கியுடன் புறப்படுவார்கள். அதிகமாகச் சுட்டு வந்த அணிக்கே வெற்றி. பிராங்க் சாப்மன் என்னும் பறவையியல் அறிஞர், சுடுவதை விட்டு எண்ணிப் பார்ப்போமே என்றார். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று 25 இடங்களில் 27 பேர் எண்ணினார்கள். அவ்வழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. ஆசியாவிலும் 1987 முதல் ஜனவரி மாதந்தோறும் நீர்ப்பறவைகளை எண்ணி வருகிறார்கள்.

நம் பக்கத்தில் இவ்வேலை 2011இல் தொடங்கிற்று. மணிமுத்தாறிலுள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், நெல்லை இயற்கைச் சங்கம், தூத்துக்குடி முத்துநகர் இயற்கைச் சங்கம் ஆகியவை சேர்ந்து தாமிரபரணிப் பாசனக் குளங்களில் இதை நடத்துகின்றன. எண்ணுகிறவர்களில் பலர் கல்லூரி மாணவர்கள், ஆசிரியர்கள், நம்மைப் போன்ற சாதாரண மக்கள்.

ஓர் ஆண்டு நாமும் கூடச் சென்றோம். விடிவதற்கு முன் கரையில் நிற்க வேண்டும். பறவை அறிந்த ஒருவர் சொல்ல, இன்னொருவர் எழுத வேண்டும். கூட்டமாக இருந்தால் பத்துப் பத்தாக எண்ண வேண்டும். பாதி எண்ணுகையில் ஒரு பருந்து வந்தால் மொத்தமும் எழும்பிவிடும். மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். நம் கையில் நோட்டைக் கண்ட விவசாயி ஒருவர், "என்ன சாமி, குளத்தை அளக்க வந்தீகளா?" என்று கவலையோடு கேட்டார். பறவை எண்ண என்றதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. பிறகு அவரே உட்கார்ந்து, முன்பெல்லாம் பங்குனி வரை தண்ணீர் கிடந்தது, எந்த மூலையில் கரை வெட்டுப்பட்டது, நாரை எந்த மரத்தில் அடையும் என்றெல்லாம் சொன்னார். அன்று நாம் எழுதிய எண்களைவிட அந்தப் பேச்சே நமக்குப் பெரிதாகப் பட்டது.

பல குளங்களில் அடுத்தடுத்த ஒன்றிரண்டு நாட்களுக்குள் எண்ணி முடிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு குளம் வற்றினால் பறவை அடுத்த குளத்துக்குப் போய்விடும். ஒன்றை மட்டும் பார்த்து, குறைந்தது என்றோ பெருகிற்று என்றோ சொல்லிவிட முடியாது. மழையும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஆகவே விடாமல் பல ஆண்டுகள் எண்ண வேண்டியிருக்கிறது.

நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்தை நீங்கள் அறிவீர்கள். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பின்னர் ராம்சார் என்னும் உலக ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி அங்கு வருகிறது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. நாற்றம் உண்டு, இரைச்சலும் உண்டு. ஆனால் அவ்வூரார் விரட்டுவதில்லை. பறவைக்காகத் தீபாவளிக்கு வெடி போடுவதுமில்லை. கீழே விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்த பால்பாண்டி அவ்வூரில்தான் வாழ்ந்தார். 2020இல் அவர் காலமானார்.

வெடி என்றதும் நமது குற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு நாம் பணியாற்றிய ஒரு பங்கில் திருவிழா இரவு குளக்கரையில் வாணவேடிக்கை நடந்தது. அனுமதித்தவர் நாமே. கொக்குகள் இருட்டில் எழுந்து சிதறின. காலையில் மரத்தடியில் உடைந்த முட்டைகளைச் சிறுவர்கள் நமக்குக் காட்டினார்கள். வேடிக்கை நன்றாக இருந்தது என்று பாராட்டிய ஒருவரிடம் நாம் அன்று எதுவும் சொல்லவில்லை.

இப்போது யூபிலி நிறைவு நாளுக்கும் குளக்கரையில்தான் வாணவேடிக்கை என்று விழாக்குழுவினர் தீர்மானித்திருக்கிறார்கள். அக்கரைக் கருவேல மரங்களில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டியிருப்பதைப் போன வாரம் பார்த்தோம். தனியே சொல்லாமல் பொதுவில் சொல்வதற்குக் குழுவினர் பொறுத்தருள வேண்டும். வேடிக்கையை விட்டுவிடலாம் என்பதே நமது விருப்பம். முடியாது என்றால், ஊருக்கு மேற்கே வெறும் பொட்டலுக்காவது மாற்றுங்கள்.

இன்னொன்று. பேச்சிப்பாறைத் தண்ணீரை எதிர்பார்த்திருக்கும் நமது ராதாபுரம் கால்வாயில் 52 குளங்கள் இருக்கின்றன. 17,000 ஏக்கர் நிலம் அக்கால்வாயை நம்பியிருக்கிறது. தண்ணீர் வராத ஆண்டில் நாம் மனுக் கொடுக்கிறோம், மறியல் செய்கிறோம். அக்குளங்களில் எது நிரம்பிற்று, எதில் என்ன பறவை வந்தது, எங்கே கரை உடைந்தது என்று ஆண்டுதோறும் எழுதிய ஒரு நோட்டு நம் கையில் உண்டா? வரும் ஜனவரியில் நமது இளைஞர்கள் நான்கு குளங்களையாவது எடுத்துக்கொள்ளட்டும். பறவை அறிந்தவர்களை அழைத்துவந்து சொல்லித்தர நாம் ஏற்பாடு செய்கிறோம். பழைய தூரநோக்கி ஒன்று நம்மிடம் இருக்கிறது. ஒரு கண்ணாடி கொஞ்சம் மங்கல். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் கொடுக்கலாம்.