காவிரியும் மின்சாரமும்



உவமை கூறுதல் தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் உவமைக்கென்றே ஓர் இயல் வகுத்து, வினை, பயன், மெய், உரு என்னும் நான்கினால் அது தோன்றும் என்றார். மெய் என்பது வடிவம். உரு என்பது நிறம். கண்ணுக்குப் புலனாகாத பௌதிகப் பொருள்களுக்கு வடிவமும் நிறமும் கூறி ஒப்பிடுதல் அரிது. ஆதலின் வினையுவமையே நமக்குத் துணை. செயலில் ஒப்பு எதுவரை செல்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்னும் இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் வேண்டும்.

மின்சாரத்தை எடுத்துக்கொள்வோம். அதற்கு உவமை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை; ஸ்ரீரங்கப்பட்டணத்தைத் தீவாக்கி ஓடும் காவிரியே போதும். மேற்கே இரு கிளையாகப் பிரியும் ஆறு கிழக்கே சங்கமத்தில் கூடுகிறது. அகன்று ஆழ்ந்த கிளையில் நீர் மிகுதியாகச் செல்லும். குறுகிய கிளையில் குறையும். வாய்க்காலில் சென்றதும் ஆவியானதும் போக, இரு கிளை நீரும் சேர்ந்ததே சங்கமத்து நீர். மின்னோட்டமும் தடை குறைந்த கம்பியில் மிகுந்தும், தடை மிகுந்த கம்பியில் குறைந்தும் பிரிந்தோடி, கூடுமிடத்தில் பழைய அளவே ஆகிறது. ஜெர்மானிய அறிஞர் கிர்க்காஃப் 1845-ல் கூறிய விதி இதுவே.

ஆறு ஓடுவதற்கு மேடு பள்ளம் வேண்டும். மின்சாரத்துக்கு அந்த ஏற்றத்தாழ்வே வோல்ட். கம்பியில் அமர்ந்த குருவிக்கு இரு காலும் ஒரே மட்டத்தில் உள்ளன. ஆகவே அதற்குத் தீங்கில்லை. சிவசமுத்திரத்தில் வீழும் இதே காவிரியின் வேகம் 1902-ல் மின்சாரமாக மாறிக் கோலார் தங்கவயலை அடைந்தது.

சுவிட்சைப் போட்டவுடன் விளக்கு எரிவது எங்ஙனம்? கம்பியிலுள்ள எலெக்ட்ரான்கள் நத்தையினும் மெல்ல நகர்வன. இங்கே சரக்கு வண்டியை நினைத்துக்கொள்க. எஞ்சின் சில அடி நகர்வதற்குள், இணைப்புக்கு இணைப்பு இழுப்புத் தாவிக் கடைசியிலுள்ள கார்டு வண்டியும் அசைந்துவிடுகிறது. விரைந்து செல்வது இழுப்பே, வண்டியன்று.

இனி ஒப்பு நின்றுவிடும் இடம். உயிரைக் காப்பது இப்பகுதியே. நீர்க்குழாய் உடைந்தால் நீர் பீறிடும், யாவரும் காண்பர். மின்கம்பி அறுந்து வீழ்ந்தால் ஒன்றும் ஒழுகாது. வெறுங்கயிறு போல் கிடக்கும். ஆறு கடலைச் சேர்ந்தால் போதும். மின்சாரமோ புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வழி தேடும். ஈரமண்ணில் நின்று அக்கம்பியைத் தொடுபவன் உடலே அதற்கு வழியாகிவிடும். ஆகையால் மழைக்காலத்தில் அறுந்த கம்பியைக் கண்டால் விலகி நின்று, மின்வாரியத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

மேட்டு நீர் கரையைத் தாண்டிக் காற்றில் பாய்வதில்லை. ஆனால் நம் இருப்புப்பாதையின்மேல் செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் உள்ளது. அதனைத் தொடவே வேண்டியதில்லை. நெருங்கினாலே இடைவெளியைத் தாண்டிப் பாயும். படம் எடுக்க வண்டியின்மேல் ஏறும் இளைஞர்க்கு, "தொடாவிட்டால் தீங்கில்லை" என்னும் எண்ணமே எமனாகிறது.

இங்கு வளரும் நம் பிள்ளைகள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ பௌதிகம் பயில்கின்றனர். சூத்திரத்தைப் பள்ளி கற்பிக்கும். அதன் பொருளை மாலையில் ஆற்றங்கரையில் நின்று தாய்மொழியில் விளக்குதல் நம் கடமை. உவமையைச் சொல்லுவோம், அதன் எல்லையையும் தவறாது சொல்லுவோம்.