ஒரு கிலோமீட்டரை யாருடைய காலால் அளப்பது?

(நமது சங்கத்தின் கல்விக் குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைய பேச்சுக்குத் தலைப்பு பள்ளிக்கூடம். பள்ளிக்குள் நடக்கும் பாடத்தைப் பற்றிப் பேசக் கல்வி கற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். மெட்ரிக் வரை படித்து, ரயில்வேயில் பேரேடு எழுதிப் பிழைக்கிற நாம், பள்ளியின் வாசல் வரை உள்ள பாதையைப் பற்றிப் பேசுவோம். எந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகலாம் என்று எல்லைக் கோடு கிழிக்கிறார்களே, அந்தக் கோட்டைப் பற்றிப் பேசுவோம். மும்பையில் நம் பிள்ளைகளின் தலையெழுத்தை அந்தக் கோடுதான் எழுதிக்கொண்டிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைக்கும் இலவசக் கல்வி, அதுவும் 'அக்கம்பக்கத்துப் பள்ளியில்' என்கிறது சட்டம். அக்கம்பக்கம் என்றால் எவ்வளவு தூரம்? 2010இல் மத்திய அரசு செய்த விதிகள் கணக்குச் சொல்கின்றன. ஐந்தாம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், எட்டாம் வகுப்பு வரை 3 கிலோமீட்டர். 'நடக்கும் தூரம்' என்றே அந்த விதியில் எழுதியிருக்கிறார்கள். அதோடு விடவில்லை. குழந்தை வரும் வழியில் ஆபத்து இருந்தால் எல்லையைச் சுருக்கிப் பள்ளியை அருகில் வைக்க வேண்டும், மக்கள் நெருக்கம் மிகுந்த இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை வைப்பது பற்றி யோசிக்க வேண்டும் என்றும் அதே விதிகளில் இருக்கிறது.

இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. 1966இல் அறிக்கை தந்த கோத்தாரி ஆணையம் சொன்னதுதான். ஒரு வட்டாரத்தில் உள்ள எல்லாப் பிள்ளைகளும், பணக்காரன் வீட்டுப் பிள்ளையானாலும் கூலிக்காரன் வீட்டுப் பிள்ளையானாலும், ஒரே பள்ளிக்குப் போக வேண்டும் என்றார்கள். நம் தமிழ்நாட்டில் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்த காமராசர், பள்ளியை ஊருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். பசிக்கிற பிள்ளைக்கு மதிய உணவும் போட்டார். பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பிள்ளையைக் குறை சொல்லாமல், பள்ளியை ஏன் பிள்ளையிடம் கொண்டுபோகவில்லை என்று கேட்ட காலம் அது.

வரைபடத்தின் தூரமும் காலின் தூரமும்

தோழர்களே, தாராவியை எடுத்துக்கொள்ளுங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நம் முன்னோர் தோல் பதனிட்டு உருவாக்கிய இடம். பரப்பு இரண்டு சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மேற்கே மேற்கு ரயில்வே, கிழக்கே மத்திய ரயில்வே, வடக்கே மித்தி ஆறு. வரைபடத்தில் வீட்டையும் பள்ளியையும் குறித்து அளவுகோலை வைத்தால் தூரம் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடலாம். காக்கைக்கு அது சரி. ஆறு வயதுப் பிள்ளைக்குச் சிறகு இல்லையே!

தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பள்ளி இருந்தால் பாலம் ஏறி இறங்க வேண்டும். பாலம் தொலைவில் இருந்தால் தண்டவாளத்தில் இறங்குகிறார்கள். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மும்பைப் புறநகர் ரயில் தடங்களைக் கடக்கையில் உயிரிழந்தோர் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல். சயனில் 1912இல் கட்டிய சாலை மேம்பாலத்தை, கூடுதல் தடங்கள் போடுவதற்காக 2024 ஆகஸ்டு 1ஆம் தேதி போக்குவரத்துக்கு மூடினார்கள். பாலம் பழையது, இடிக்கத்தான் வேண்டும். ரயில்வே ஊழியர்களாகிய நமக்கு அது புரியும். ஆனால் ஒரு பாலம் மூடினால் எத்தனை பிள்ளைகளுக்குப் பள்ளி எட்டாமல் போகிறது என்று எந்தக் கோப்பில் எழுதினார்கள்? வரைபடத்தில் பள்ளி நகரவில்லை. பிள்ளையின் காலுக்கு மட்டும் அது தூரமாகிவிட்டது.

ஆகவே நமது முதல் கோரிக்கை: தூரத்தைக் காலால் அளக்க வேண்டும். வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை, ஒரு குழந்தை தனியாகப் போகத்தக்க வழியில் அளக்க வேண்டும். 'நடக்கும் தூரம்' என்று மத்திய விதி சொல்வதன் பொருள் அதுதான்.

எல்லைக்கோடு மதிலான கதை

இனி அடுத்த செய்தி. அதே சட்டத்தில் 12ஆம் பிரிவு ஒன்று உண்டு. தனியார் பள்ளிகளும் தங்கள் தொடக்க வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், அதற்கான பணத்தை அரசு ஓர் அளவு வரை திருப்பித் தரும் என்கிறது. 2012 ஏப்ரல் 12இல் உச்ச நீதிமன்றமும் இதைச் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

2024 பிப்ரவரி 9ஆம் தேதி மகாராட்டிர அரசு விதியைத் திருத்தியது. எப்படி? ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால், அந்தத் தனியார் பள்ளி 25 விழுக்காடு தர வேண்டியதில்லை என்று. மும்பையில் முனிசிபல் பள்ளி இல்லாத ஒரு கிலோமீட்டரை எங்கே தேடுவது? பிள்ளைக்குப் பள்ளியை அருகில் கொண்டுவர எழுதிய அதே ஒரு கிலோமீட்டரை, பிள்ளையைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தும் மதிலாக மாற்றினார்கள். வேலியே பயிரை மேய்ந்தது.

பெற்றோர் நீதிமன்றம் போனார்கள். மே 6ஆம் தேதி பம்பாய் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. சூலை 19ஆம் தேதி, சட்டம் கொடுத்த உரிமையை விதி எழுதிப் பறிக்க முடியாது என்று திருத்தத்தையே ரத்து செய்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. ஆனால் கருநாடகத்தில் 2018 முடிவில் இதே போன்ற திருத்தம் வந்தபோது, 2019இல் அங்குள்ள உயர்நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. அங்கே ஏழைப் பிள்ளைகளுக்குக் கிடைத்த இடங்கள் வெகுவாகச் சுருங்கிவிட்டன. பெங்களூருவில் கூலி வேலை செய்யும் நம்மவர் பிள்ளைகளும் அதில் அடக்கம். ஒரே சட்டம், இரண்டு மாநிலம், இரண்டு நீதி!

எதிர்ப்பவர்கள் சொல்வது என்ன?

எதிர்த்துப் பேசுகிறவர்களும் பெற்றோர்தான். அவர்கள் சொல்வதையும் நாம் கேட்டாக வேண்டும். 'நாங்கள் வயிற்றைக் கட்டிக் கட்டணம் கட்டுகிறோம், அந்தப் பிள்ளைகளின் செலவும் எங்கள் தலையில் விழுகிறது' என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. அரசு திருப்பித் தர வேண்டிய பணத்தை ஆண்டுக் கணக்கில் பாக்கி வைக்கிறது. அப்படியானால் சண்டை போட வேண்டியது அரசிடம். பாக்கி வைத்தவனை விட்டுவிட்டுப் பக்கத்துச் சாலில் இருக்கிற பிள்ளையோடு மல்லுக்கு நிற்பது என்ன நியாயம்?

'அந்தப் பிள்ளைகள் வந்தால் எங்கள் பிள்ளைகள் கெட்டுவிடும்' என்பது அடுத்த பேச்சு. இதற்கு ஆய்வே பதில் சொல்கிறது. டில்லியில் சலுகை விலையில் நிலம் பெற்ற தனியார் பள்ளிகள் 2007 முதல் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியதாயிற்று. கௌதம் ராவ் என்ற பொருளாதார அறிஞர் அந்தப் பள்ளிகளில் வசதியான பிள்ளைகளைச் சோதித்து 2019இல் முடிவை வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளோடு ஒன்றாக உட்கார்ந்து படித்த வசதியான பிள்ளைகள் அதிக ஈகைக் குணமும் குறைந்த பாகுபாடும் காட்டினார்கள். ஆங்கில மதிப்பெண்ணில் மட்டும் சிறு குறைவு. கணக்கிலும் இந்தியிலும் பாதிப்பு இல்லை. இதைத்தான் 'கெட்டுப்போவது' என்கிறார்களா?

'அரசுப் பள்ளியைச் சீர்படுத்துங்கள், அதை விட்டுத் தனியார் பள்ளிக்கு ஏன் அனுப்புகிறீர்கள்' என்போர் மூன்றாமவர். இவர்களோடு நமக்குப் பாதி உடன்பாடு. முனிசிபல் பள்ளிதான் நம் முதல் பள்ளி. மராட்டியும் இந்தியும் உருதும் மட்டுமல்லாமல், நம் தமிழிலும் பாடம் சொல்லித் தருவது இந்த நகரத்தில் முனிசிபல் பள்ளியே. அதைக் காப்பது நம் கடமை. ஆனால் 25 விழுக்காட்டை ரத்து செய்தால் முனிசிபல் பள்ளி தானாகச் சீர்பட்டுவிடுமா? 2024இல் திருத்தம் கொண்டுவந்தவர்கள் அதோடு சேர்த்து எத்தனை ஆசிரியரை நியமித்தார்கள் என்று கேளுங்கள். இரண்டும் வேண்டும் என்பதே நம் நிலை.

நம்மவர் நடத்தும் பள்ளிகள்

இப்போது சொல்லப் போவது சிலருக்குக் கசக்கும். 2014 மே 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம், சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. மதச் சிறுபான்மை போலவே மொழிச் சிறுபான்மைக்கும் இந்த விலக்கு உண்டு. மகாராட்டிரத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். ஆகவே அந்தத் தகுதி பெற்ற நம்மவர் பள்ளிகள் 25 விழுக்காடு தர வேண்டியதில்லை.

மொழிச் சிறுபான்மை என்ற தகுதி எதனால் வந்தது? மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிற தமிழனை மட்டும் எண்ணியா வந்தது? தாராவியிலும் சயன் கோலிவாடாவிலும் இருக்கிற தமிழனையும் சேர்த்து எண்ணித்தான் வந்தது. தலையை எண்ணும்போது நாங்கள் வேண்டும். இடம் கொடுக்கும்போது வேண்டாமா? சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மை. தடுக்கவும் இல்லை. தமிழின் பேரால் விலக்குப் பெற்ற பள்ளி, தமிழ்க் கூலிக்காரன் பிள்ளைக்கு நாலில் ஓர் இடம் தானாக முன்வந்து கொடுக்கட்டும். சங்கம் அவர்களிடம் பணிவோடு கேட்கும். பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இருக்கும்.

காகிதம் என்னும் இன்னொரு வேலி

பள்ளி அருகில் இருந்தாலும் விண்ணப்பத்தில் நம்மவர் விழுந்துவிடுகிறார்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு ஒரு லட்சம்; மாதத்துக்கு எட்டாயிரத்து முந்நூறு சொச்சம். மும்பையில் இரண்டு பேர் உழைக்கும் எந்தக் குடும்பம் இதற்குள் அடங்கும்? தாழ்த்தப்பட்டோருக்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது. 1990இல் உச்ச நீதிமன்றமே, மாநிலம் மாறி வந்தவர்க்குப் பட்டியல் சாதித் தகுதி கூடவே வராது என்று சொல்லிவிட்டது. இங்கே சான்றிதழ் வாங்க, 1950 ஆகஸ்டு 10க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். மழைக்கு ஒழுகும் ஜோப்படியில் எழுபத்தைந்து ஆண்டுக் காகிதத்தை எவன் பத்திரப்படுத்தி வைத்தான்? சாதி கூடவே ரயிலேறி வந்தது. சான்றிதழ் மட்டும் ஊரிலேயே இறங்கிவிட்டது! வாடகைக்கு இருப்பவன் பதிவு செய்த ஒப்பந்தம் காட்ட வேண்டும். பதிவு செய்து தர எந்த வீட்டுக்காரன் முன்வருகிறான்?

வீடு மாறினால் பள்ளி?

கடைசியாக ஒன்று. தாராவி மறுசீரமைப்பில், 2000 சனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போர்க்குத் தாராவிக்குள் 350 சதுர அடி வீடு. அதற்குப் பின் வந்தோர்க்கும் மாடியில் இருப்போர்க்கும் தாராவிக்கு வெளியே என்று திட்டம். ஒரே ஏணியில் கீழ்ப்படியில் இருப்பவன் பிள்ளை ஒரு பள்ளி, மேல்படியில் இருப்பவன் பிள்ளை வேறு பள்ளி!

இதன் முன்னோட்டத்தை நாம் பார்த்திருக்கிறோம். 2000ஆம் ஆண்டை ஒட்டி, ரயில் தடங்களை விரிவாக்குவதற்காகத் தண்டவாள ஓரத்துக் குடிசைகளை மான்கூர்டுக்கும் வாஷி நாக்காவுக்கும் மாற்றினார்கள். கட்டடம் எழுந்தது. வீடு போன வேகத்தில் பள்ளி போகவில்லை. வீட்டுக்கு ஓர் அடுக்கு, பிள்ளைப் படிப்புக்கு ஒரு துண்டிப்பு என்று ஆனது.

நாம் செய்ய வேண்டியது

தோழர்களே, கைதட்டிக் கலைவதற்கு நாம் கூடவில்லை. நான்கு வேலைகள் உண்டு.

ஒன்று, ஒவ்வொரு கிளையும் தன் பகுதியில் ஐந்து பள்ளிகளுக்குக் குழந்தையோடு நடந்து பார்த்து, தூரம், நேரம், வழியில் உள்ள நாலா, தண்டவாளம், பெருஞ்சாலை எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். அதை வார்டு அலுவலகத்தில் மனுவோடு கொடுப்போம்.

இரண்டு, சேர்க்கைக் காலம் வருமுன்பே சங்க அலுவலகத்தில் மாலைதோறும் விண்ணப்ப உதவி மேசை. வருமானச் சான்று, குடியிருப்புச் சான்று, பிறப்புச் சான்று மூன்றையும் இப்போதே தயார் செய்யுங்கள். ரயில்வே தோழர்கள் முறை வைத்து உட்கார்ந்து எழுதித் தருவோம்.

மூன்று, நம்மவர் நடத்தும் பள்ளிகளின் நிர்வாகக் குழுக்களைத் தூதுக்குழுவாகச் சென்று சந்திப்போம். பிச்சை கேட்கப் போகவில்லை. பங்கு கேட்கப் போகிறோம்.

நான்கு, எந்தக் குடியிருப்பை மாற்றினாலும் பள்ளி திறந்த பிறகே வீட்டைக் காலி செய்வது என்று நிபந்தனை எழுதி வாங்க வேண்டும். மராட்டியத் தோழர்களும் உத்தரப் பிரதேசத்துத் தோழர்களும் இதே சந்தில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளையும் இதே பாலம்தான் ஏறுகிறது. அவர்களையும் சேர்த்துக்கொண்டு போனால்தான் இது வெல்லும்.

மனு எழுதும் படிவங்கள் வாசலில் இருக்கின்றன. கிளைக்கு ஐந்து வீதம் எடுத்துக்கொண்டு, அடுத்த மாதக் கூட்டத்துக்குள் நிரப்பிக் கொண்டுவாருங்கள்.